4294967295 எப்படிப்பட்ட எண்?

கேள்வி கேட்டவர் நிரல் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார். குறி இல்லாத 32 பிட் மாறி ஒன்றில், அதாவது 32 இரும இலக்கங்களுக்கு மட்டும் இடமுள்ள ஒன்றில், −1 என்று போட்டு அச்சிட்டுப் பார்த்தபோது 4294967295 வந்திருக்கிறது. இது பகா எண்ணா, கணிதத்தில் இதற்கென்று ஏதாவது வகை உண்டா, இல்லை கணினிக்கு மட்டும் வேண்டியிருக்கிற ஒரு வரம்புதானா என்று கேட்கிறார்.

பகா எண் இல்லை. 5-இல் முடிகிறதே, அதைப் பார்த்தாலே போதும். ஆனால் கணினிக்கு மட்டும் வேண்டிய எண் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஃபெர்மா, ஆய்லர், காஸ் என்ற கணித மேதைகள் மூவருடைய வேலையும் இந்த எண்ணை உரசிக்கொண்டு போயிருக்கிறது. பத்து இலக்க எண்களில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

முதலில் கணினிப் பக்கத்தை முடித்துவிடுவோம். நம் வழக்கப்படி வாசித்தால் இது நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. கணக்கில் 2³² − 1. இரும எண்ணாக எழுதினால் வரிசையாக 32 ஒன்றுகள். வேறு எதுவும் இல்லை. 32 பிட்டுக்குள் இதைவிடப் பெரிய எண்ணுக்கு இடம் கிடையாது. இதோடு 1 கூட்டினால் ஒவ்வொரு இலக்கமும் 0 ஆகிக்கொண்டே போய், மிஞ்சும் 1 மாறிக்கு வெளியே விழுந்துவிடும். உள்ளே இருப்பது வெறும் 0. எதனோடு 1 கூட்டினால் 0 வருகிறதோ அதுதானே −1? உங்கள் திரையில் வந்தது பிழையல்ல. இதே வரம்பை வேறு இடங்களிலும் பார்த்திருப்பீர்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4294967295 பைட்டுக்கு மேல் போக முடியாது. 4 ஜிபியைத் தாண்டிய படம் ஏறாமல் நின்றுவிடுவது இதனால்தான். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் கடிகாரம் குறியில்லாத 32 பிட்டில் ஓடினால், 2106 பிப்ரவரி 7 அன்று இந்த எண்ணைத் தொட்டு, அடுத்த நொடியில் சுழிக்குத் திரும்பும்.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று அரசனிடம் தானியம் கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கேரளத்து அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசத்துக்குச் சொல்லும் கதையும் இதே கணக்குதான். அதில் பலகையின் முதல் பாதி, அதாவது 32 கட்டங்கள் முடியும்போது சேர்ந்திருக்கும் மணிகள் சரியாக 4294967295. ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 86 டன். ஓர் அரசனால் சிரமமில்லாமல் கொடுத்துவிட முடிகிற அளவு. அவர் மாட்டிக்கொள்வது மறுபாதியில்.

இனி கணிதத்துக்கு வருவோம். இந்த எண்ணின் காரணிகள் இவை:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள், எதுவும் இரண்டு முறை வரவில்லை. இந்தப் பிரிப்பைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். பள்ளிக்கூடத்தில் படித்த வர்க்க வித்தியாசச் சூத்திரம் போதும். 2³² என்பது 65536-இன் வர்க்கம். ஒரு வர்க்கத்திலிருந்து 1 கழித்தால் முன்னெண்ணும் பின்னெண்ணும் காரணிகளாகிவிடும். ஆகவே நம் எண் 65535 × 65537. அந்த 65535-உம் 256-இன் வர்க்கத்தில் ஒன்று குறைந்தது, எனவே 255 × 257. 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. ஒவ்வொரு படியிலும் பெரிய துண்டு தனியே நிற்கிறது, சிறிய துண்டு மறுபடி உடைகிறது.

தனியே நின்றவற்றைப் பாருங்கள்: 3, 5, 17, 257, 65537. இவை முறையே 2, 4, 16, 256, 65536 என்று ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கமாக வருபவற்றைவிட ஒன்று அதிகம். இந்த அமைப்புள்ள எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 1640-இல் ஃபெர்மா இவற்றைப் பார்த்துவிட்டு, இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று நம்பினார். நிரூபணம் அவரிடம் இல்லை. வரிசையில் அடுத்தது 4294967297. நம் எண்ணுக்கு இரண்டு எண் தள்ளி நிற்பது அது.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதவியலர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் பின்குறிப்பில், ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்று விசாரித்தார். ஆய்லர் முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. பிறகு பிடித்துக்கொண்டார். 1732-இல் அவர் காட்டியது:

4294967297 = 641 × 6700417

ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துக்கொண்டே போய் அவர் இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இந்த எண்ணுக்குக் காரணி ஒன்று இருந்தால் அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்பது ஆய்லரின் வழி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடுகிறது.

641 ஏன் வகுக்கிறது என்பதை வகுக்காமலே பார்க்கலாம். 641 என்பது 5 × 128 + 1. அதாவது 5 × 2⁷-ஐவிட ஒன்று அதிகம். அதே 641, 625 + 16-உம் ஆகும். அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் கவனிக்கும் கணக்கில் 5 × 2⁷ என்பது −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ என்பது −2⁴. இடமாற்றிப் போடுங்கள்: −2³² என்பது 1. எனவே 2³² + 1 மீதியில்லாமல் வகுபடுகிறது. இரண்டு வரிகளில் முடிந்துபோகும் இந்த நிரூபணத்தை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதற்கும் நம் எண்ணுக்கும் என்ன தொடர்பு? ஆய்லர் அன்று கண்டது வரிசையில் ஒரு தடங்கல் மட்டுமல்ல. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு ஃபெர்மா எண்கூடப் பகா எண்ணாகத் தேறவில்லை. 3-ஐ சுழியாவது, 5-ஐ முதலாவது என்று எண்ணிக்கொண்டு வந்தால், ஐந்தாவதிலிருந்து முப்பத்திரண்டாவது வரை எல்லாமே பகு எண்கள் என்று உறுதியாகிவிட்டது. முப்பத்து மூன்றாவதன் நிலை இன்னும் தெரியாது. ஆக, மனிதருக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்தே ஐந்து. அந்த ஐந்தின் பெருக்கற்பலன்தான் 4294967295. இந்த எண்ணைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

முதலில் வடிவியலைப் பார்ப்போம். கவராயமும் அளவு குறிக்காத நேர்விளிம்பும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தெந்த ஒழுங்கு பலகோணங்களை வரையலாம் என்பது கிரேக்கர் காலக் கேள்வி. 3, 4, 5, 15 பக்கங்களுக்கு அவர்களுக்கு வழி தெரியும். பக்கங்களை இரட்டிப்பதும் தெரியும். அதற்குமேல் இரண்டாயிரம் ஆண்டுகள் எதுவும் நகரவில்லை. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருக்கையில், காஸ் 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். 1801-இல் வெளியிட்ட நூலில் பொது விதியையும் சொன்னார்: பக்கங்களின் எண்ணிக்கை, வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருந்தால் வரையலாம், அதை எத்தனை முறை இரட்டித்தாலும் வரையலாம். இவற்றையும், சதுரத்தையும் அதை இரட்டித்து வருபவற்றையும் தவிர வேறு எதையும் வரைய முடியாது என்பதற்கு முழு நிரூபணம் 1837-இல் வான்ட்ஸெல் கொடுத்தார்.

வெவ்வேறு என்ற சொல்தான் இங்கே முக்கியம். 3 வரையலாம், 9 வரைய முடியாது. 3 இரண்டு முறை வந்துவிடுகிறது. 15 ஏன் முடிகிறது என்றால், ஐங்கோணம் 72 பாகையைத் தருகிறது, முக்கோணம் 120 பாகையைத் தருகிறது. 72-இன் இரு மடங்கு 144. அதிலிருந்து 120-ஐக் கழித்தால் 24. வட்டத்தில் பதினைந்தில் ஒரு பங்கு அது. இதே முறையில் பொதுக் காரணி இல்லாத எந்த இரண்டு பலகோணங்களையும் சேர்க்கலாம்.

எனவே ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணங்களில், வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்தவை 4294967295-இன் வகுத்திகள் மட்டுமே. ஐந்து பகா எண்களிலிருந்து தெரிவு செய்தால் 32 வகுத்திகள். 1-ஐ விட்டால் 31 பலகோணங்கள். அவற்றில் மிகப் பெரியதன் பக்கங்கள் 4294967295. இந்தப் பலகோணத்தைப் பூமியின் நிலநடுக்கோட்டைச் சுற்றி வரைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 9.3 மில்லிமீட்டர் வரும். அந்த நேர்கோட்டுக்கும் அதன் மேலே வளையும் வட்டத்துக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளி ஓர் அணுவின் அகலத்தைவிடப் பல மடங்கு சிறியது. யாரும் இதை வரையப்போவதில்லை. ஆனால் 257 பக்கத்துக்கான வழியைப் பௌக்கர் 1822-இலும் ரிஷ்லோ 1832-இலும் எழுதினார்கள். 65537 பக்கத்துக்கு யோகான் குஸ்டாவ் ஹெர்மெஸ் சுமார் பத்து ஆண்டுகள் உழைத்து, 1894-இல் அதைப் பற்றி வெளியிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு பெட்டியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய ஒற்றைப்படைப் பலகோணம் ஒன்றைக் கவராயத்தால் வரைய முடியும் என்று யாராவது காட்ட வேண்டுமானால், அதன் பக்க எண்ணிக்கையில் புதிய ஃபெர்மா பகா எண் ஒன்று காரணியாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் முப்பத்து மூன்றாவது ஃபெர்மா எண்ணிலிருந்துதான் தொடங்க முடியும். அந்த எண்ணை எழுதவே 258 கோடி இலக்கங்கள் வேண்டும். பத்து இலக்க எண் ஒன்று, அதற்கு அடுத்ததாக வரக்கூடியது குறைந்தது 258 கோடி இலக்க எண்! நடுவில் ஒன்றுமே கிடையாது என்பது நிரூபணமான உண்மை. கணிதத்தில் இவ்வளவு பெரிய வெற்றிடத்தின் விளிம்பில் நிற்கிற எண்கள் அதிகமில்லை.

அந்த 32 வகுத்திகளுக்கு இன்னோர் அழகு உண்டு. ஒவ்வொரு எண்ணும் தனக்கு மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக அமையும் பாஸ்கல் முக்கோணத்தை, சமஸ்கிருத யாப்பு நூலார் மேரு பிரஸ்தாரம் என்று சொன்ன அதே அடுக்கை, எழுதிக்கொள்ளுங்கள். இரட்டைப்படை எண் இருக்கும் இடத்தில் 0, ஒற்றைப்படை இருக்கும் இடத்தில் 1 என்று மாற்றுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசியுங்கள். முதல் வரி 1. அடுத்தது 11, அதாவது 3. மூன்றாவது வரி 1 2 1 என்பது 101 ஆகி 5. நான்காவது 1111, அதாவது 15. ஐந்தாவது 10001, அதாவது 17. ஆறாவது 110011, அதாவது 51. இப்படி 32 வரிகள் போனால், நம் எண்ணின் 32 வகுத்திகளும் ஏறுவரிசையில் ஒன்றுவிடாமல் வந்துவிடும்; முப்பத்திரண்டாவது வரி முழுக்க ஒன்றுகள், அதுதான் 4294967295. முப்பத்து மூன்றாவது வரி 4294967297. ஆய்லர் உடைத்த அதே எண்! அங்கிருந்து வரிகளுக்கும் பலகோணங்களுக்கும் உள்ள உறவு அறுந்துபோகிறது.

இனி வகைப்பாடுகள். இணையத்தில் எந்தப் பெரிய எண்ணைக் கொடுத்தாலும் நாற்பது ஐம்பது பெயர்களைப் பட்டியலிடும் தளங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் பத்தடிமான எழுத்துமுறையின் விளைவுகள். உதாரணமாக, இதன் இலக்கங்களைக் கூட்டினால் 57. 57 இந்த எண்ணை வகுக்காது, ஏனென்றால் 57-க்குள் இருக்கும் 19 நம் காரணிகளில் இல்லை. ஆகவே இலக்கக் கூட்டலால் வகுபடும் ஹர்ஷத் எண் வகையில் இது சேராது. இது எண்ணைப் பற்றிய செய்தி என்பதைவிட, நாம் பத்து விரலால் எண்ணுவதைப் பற்றிய செய்தி. அடிமானம் மாறினாலும் மாறாத பண்புகளைத் தேடுவதே பயன் தரும் என்பது என் கருத்து.

அப்படிப்பட்டவை சில. 1-ஐத் தவிர எந்த வர்க்கமும் இதை வகுக்காது. இதன் எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை 4 × 6 × 18 × 258 × 65538, அதாவது 7304603328. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 3009636033, எண்ணைவிடக் குறைவு. ஆகவே இது குறைவெண். நிறைவெண்ணும் அல்ல, மிகையெண்ணும் அல்ல. 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்ததால் மெர்சென் எண் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் அடுக்கான 32 பகு எண் என்பதால் மெர்சென் பகா எண்ணாகும் வாய்ப்பு தொடக்கத்திலேயே இல்லை. பக்கத்து அடுக்கான 31-இல் கிடைக்கும் 2147483647 பகா எண்தான். அதை நிரூபித்தவரும் ஆய்லரே, 1772-இல். அதை இரட்டித்தால் 4294967294, நம் எண்ணுக்கு நேர் முன்னே நிற்பது. ஆக முன்னே ஒரு மெர்சென் பகா எண்ணின் இரு மடங்கு, பின்னே 2-இன் தூய அடுக்கு, அதற்கும் பின்னே ஆய்லர் 641-ஆல் உடைத்த எண்.

இது முக்கோண எண்ணா? 1 + 2 + 3 என்று தொடர்ந்து கூட்டி இதை அடைய முடியுமா? முடியாது. காரணம் நம் ராமானுஜனிடம் போய்ச் சேர்கிறது. 2-இன் அடுக்கில் 7 குறைத்தால் எப்போது வர்க்க எண் கிடைக்கும் என்ற கேள்வியை 1913-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவர் வைத்தார். 3, 4, 5, 7, 15 ஆகிய ஐந்து அடுக்குகளுக்கு மட்டுமே என்பது அவர் கணிப்பு. 1948-இல் நார்வேயின் நாகெல் அதை நிரூபித்தார். ஓர் எண் முக்கோண எண்ணானால் அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் வர்க்கம் வரும். நம் எண்ணை 8-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 2³⁵ − 7. 35 அந்த ஐந்தில் இல்லை. இதே வழியில், 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களில் முக்கோண எண்கள் 0, 1, 3, 15, 4095 மட்டுமே என்றும் தெரிகிறது.

கடைசியாக, இந்த எண்ணின் பண்புகளில் ஆழமானது என்று நான் கருதுவது. ஓர் எண்ணுக்குக் கீழே, அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணுவது ஆய்லரின் ஃபை சார்பு. நம் எண்ணுக்கு அது 2 × 4 × 16 × 256 × 65536. பெருக்கிப் பாருங்கள்: 2147483648, அதாவது 2³¹. எண்ணோடு 1 கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதும் அதுவே. 2³²-இன் ஃபை மதிப்பும் அதுவே என்பதால், அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒரே ஃபை மதிப்பு அமைகிறது.

ஃபை மதிப்பு, எண்ணோடு 1 கூட்டியதில் சரிபாதி: இந்த நிபந்தனைக்கு உட்படும் எண்கள் மிக அரிது. 1, 3, 15, 255, 65535 உட்படுகின்றன. அதற்குப் பின்னால் ஓர் ஏணி இருக்கிறது. ஓர் எண் இந்த நிபந்தனைக்கு உட்பட்டு, அதற்கு இரண்டு தள்ளி நிற்கும் எண் பகா எண்ணாகவும் இருந்தால், இரண்டையும் பெருக்கி வருவதும் உட்படும். 15-க்கு 17, 255-க்கு 257, 65535-க்கு 65537 என்று ஏறிவந்த ஏணி நம் எண்ணில் வந்து நிற்கிறது. இரண்டு தள்ளி இருப்பது 641-ஆல் வகுபடுகிறதே! ஃபெர்மாவின் நம்பிக்கை உண்மையாக இருந்திருந்தால் இந்த ஏணிக்கு முடிவே இருந்திருக்காது.

இந்த ஏணியில் சேராத ஒன்றும் உண்டு: 83623935. அதன் காரணிகள் 3, 5, 17, 353, 929. கடைசி இரண்டும் ஃபெர்மா எண்கள் அல்ல. ஆனாலும் 2 × 4 × 16 × 352 × 928 என்பது 41811968, அதன் இரு மடங்கு 83623936. நிபந்தனை கச்சிதமாகப் பொருந்துகிறது. அதற்கு இரண்டு தள்ளி நிற்கும் 83623937 பகா எண் என்பதால் இந்த ஏணியும் ஒரு படி ஏறி 6992962672132095-ஐ அடைகிறது. அங்கிருந்து இரண்டு தள்ளினால் வரும் எண் 73-ஆல் வகுபட்டுவிடுகிறது.